தமனி எது, சிரை எது: ஸ்கேன் படத்தில் மென்பொருள் எப்படிப் பிரிக்கிறது?

கேள்வி இதுதான். உயிர்மருத்துவப் பொறியியல் படிக்கும் ஒருவர் நெஞ்சு சிடி ஸ்கேன்களை வைத்து ஆய்வு செய்கிறார். த்ரெஷோல்ட் (இந்த அளவுக்கு மேல் வெளிச்சமாக இருப்பதை மட்டும் எடுக்கும் வரம்பு) வைத்து நுரையீரலின் ரத்தக்குழாய்களைத் தனியே எடுத்துவிட்டார், ஆனால் தமனியும் சிரையும் ஒரே கொத்தாக வருகின்றன. "இரண்டையும் தானாகப் பிரித்துத் தரும் இலவச மென்பொருள் இருக்கிறதா? எந்த அளவுக்கு நம்பலாம்? இல்லையென்றால் நானே ஒரு நியூரல் நெட்வொர்க்கைப் பயிற்றுவிக்கலாமா?" என்று கேட்கிறார்.

முதலில் சுருக்கமான பதில். இதயத்துக்குப் பக்கத்தில் உள்ள பெரிய குழாய்களைப் பிரிக்க இலவசக் கருவிகள் இருக்கின்றன, நன்றாகவும் வேலை செய்கின்றன. நுரையீரலின் ஓரத்துக்குப் போகப் போக எந்தக் கருவியும் தடுமாறும். அங்கே உங்கள் கண்ணும் கையும் கட்டாயம் தேவைப்படும். சொந்தமாகப் பயிற்றுவிப்பதும் முடிகிற காரியம்தான், ஆனால் உங்கள் நேரத்தில் பெரும்பகுதி நெட்வொர்க்குக்குப் போகாது, லேபிள் போடுவதற்கு, அதாவது எது தமனி, எது சிரை என்று படத்தில் கையால் குறிப்பதற்குப் போகும். இனி விரிவாகச் சொல்கிறேன்.

உங்கள் த்ரெஷோல்ட் ஏன் தோற்றது என்பதிலிருந்து தொடங்கலாம். ரத்தத்தைப் பளிச்சென்று காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்து செலுத்தாத சிடியில் ரத்தம் ஏறத்தாழ 40 ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகு (சிடி படத்தின் வெளிச்ச அளவு) காட்டும். தமனியில் ஓடினாலும் அதே 40, சிரையில் ஓடினாலும் அதே 40. அதில் ஆக்சிஜன் ஏறியிருக்கிறதா இல்லையா என்பது எக்ஸ் கதிருக்குத் தெரியாது. சுற்றியுள்ள நுரையீரல் திசு காற்று நிறைந்தது, −850 அலகுக்குப் பக்கத்தில் இருக்கும். அதனால் குழாயை நுரையீரலிலிருந்து பிரிப்பது சுலபம். ஒரு குழாயை இன்னொரு குழாயிலிருந்து பிரிக்கத்தான் வெளிச்சத்தில் எந்தத் துப்பும் இல்லை. ஒரே ஒரு வோக்சலை, அதாவது முப்பரிமாணப் படத்தின் ஒரு சிறு கட்டத்தை, தனியே வெட்டி எடுத்துக் காட்டி "இது தமனியா, சிரையா?" என்று கேட்டால், பல ஆண்டு அனுபவமுள்ள ரேடியாலஜிஸ்டும் சொல்ல மாட்டார். படத்தின் அடுக்குகளான ஸ்லைஸ்களை மேலும் கீழும் உருட்டி, அந்தக் குழாய் எங்கே போய்ச் சேர்கிறது என்று பார்த்த பிறகுதான் சொல்வார். நதிமூலம் பார்க்கக் கூடாது என்பார்கள். இந்த வேலையில் நதிமூலம் ஒன்றுதான் ஆதாரம். நீங்கள் பார்க்கப்போகும் எல்லா மென்பொருளையும் இந்த ஒரு கேள்வியை வைத்து எடைபோடலாம்: இது குழாயின் மூலத்தைத் தேடுகிறதா, அல்லது அந்த இடத்தின் நிறத்தையும் வடிவத்தையும் மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறதா?

வெளிச்சமே பதில் சொல்லும் சந்தர்ப்பமும் ஒன்று உண்டு. அது நேரம் கைகொடுக்கும்போது. கையின் சிரையில் செலுத்திய கான்ட்ராஸ்ட் முதலில் இதயத்தின் வலப்பக்கத்துக்கு வரும், அங்கிருந்து நுரையீரல் தமனிக்குப் போகும், சில விநாடிகள் கழித்து நுரையீரல் சிரைகள் வழியாக இடது ஆரிக்கிளுக்குத் திரும்பும், அப்புறம்தான் பெருந்தமனிக்கு வரும். சரியான விநாடியில் படம் பிடித்தால் தமனி பளிச்சென்றும் சிரை மங்கலாகவும் இருக்கும். போர்ச்சுகல் நாட்டு மருத்துவர் எகாஸ் மோனிஸ் 1927-இல் மூளையின் ரத்தக்குழாய்களை எக்ஸ் கதிரில் காட்டிய நாளிலிருந்து ஆஞ்சியோகிராம் பார்ப்பவர்கள் நம்பியிருப்பது இந்த நேர வித்தியாசத்தைத்தான்: முதலில் தமனிக் கட்டம், நடுவில் தந்துகிக் கட்டம், கடைசியில் சிரைக் கட்டம். எம்ஆர்ஐயிலும் சில விநாடிக்கு ஒரு முழுப் படம் என்று அடுத்தடுத்து எடுக்கும் முறை உண்டு. அப்படிப்பட்ட தரவு கையில் இருந்தால், ஒவ்வொரு வோக்சலும் எந்த நேரத்தில் உச்சத்தைத் தொட்டது என்று கணக்கிட்டாலே பாதி வேலை முடிந்துவிடும்.

ஆனால் சாதாரண நெஞ்சு சிடியில் ஒரே ஒரு தருணம்தான் பதிவாகியிருக்கும். அந்தத் தருணத்தில் பல நேரம் இரண்டு பக்கமும் கான்ட்ராஸ்ட் ஏறியிருக்கும். தமனித் தண்டில் 350 அலகு, சிரையில் 250 அலகு என்று இருந்தால்கூடப் போதுமே என்று தோன்றும். பெரிய குழாயில் போதும். இரண்டு மூன்று மில்லிமீட்டர் தடிமனுள்ள குழாயில் போதாது. அங்கே ஒரு வோக்சலுக்குள் பாதி ரத்தம், பாதி காற்று. சராசரி கீழே இறங்கிவிடும், மெல்லிய தமனியும் கொஞ்சம் தடித்த சிரையும் ஒரே எண்ணைக் காட்டும். அதனால் கான்ட்ராஸ்ட் படத்தில் இரண்டு த்ரெஷோல்ட் வைத்துப் பிரிக்கலாம் என்ற யோசனையை ஹைலத்துக்கு, அதாவது குழாய்கள் நுரையீரலுக்குள் நுழையும் வாசலுக்கு, வெளியே கொண்டுபோகாதீர்கள்.

சரி, அப்படியானால் மூலத்தைத் தேடுவது எப்படி? நுரையீரல் இந்த விஷயத்தில் நமக்கு நிறைய உதவி செய்கிறது. வலது வென்ட்ரிக்கிளிலிருந்து கிளம்பும் நுரையீரல் தமனி, மூச்சுக்குழாயின் கிளைகளோடு ஒட்டிக்கொண்டே போகும். மூச்சுக்குழாய் பிரியும் இடத்தில் தமனியும் பிரியும். குறுக்குவெட்டில் பார்த்தால் ஒரு கறுப்பு வட்டமும், அதன் பக்கத்தில் ஏறத்தாழ அதே அளவில் ஒரு வெள்ளை வட்டமும் ஜோடியாகத் தெரியும். சிரைகள் அப்படி இல்லை. அவை நுரையீரல் துண்டங்களுக்கு (தனி மூச்சுக்குழாய்க் கிளையும் தமனிக் கிளையும் கொண்ட பகுதிகளுக்கு) நடுவிலுள்ள எல்லைகளில் தனியாக ஓடி, வழக்கமாக வலது பக்கம் இரண்டும் இடது பக்கம் இரண்டுமாக நான்கு பெரிய சிரைகளாகச் சேர்ந்து இடது ஆரிக்கிளில் விழும். ஆக ஒரு துண்டத்தின் நடுவில் மூச்சுக்குழாயோடு போவது தமனி, ஓரத்தில் தனித்துப் போவது சிரை. கான்ட்ராஸ்ட் இல்லாத படத்திலும் இந்த விதி செல்லும் என்பதுதான் இதன் அருமை. இன்னொரு துப்பும் உண்டு. ஒரே காற்றுப்பைக் கூட்டத்தை நோக்கித் தமனியின் நுனியும் சிரையின் நுனியும் இரண்டு பக்கத்திலிருந்தும் வருகின்றன. அதனால் ஓரப்பகுதியில் ஒரு தமனி மரமும் ஒரு சிரை மரமும் இரண்டு கைகளின் விரல்களைக் கோத்ததுபோல் பின்னிக்கிடக்கும். பின்னியிருக்கும் இரண்டு மரங்கள் ஒரே வகையாக இருக்க முடியாது.

சிக்கல் எங்கே வருகிறது என்றால், இந்த இரண்டு மரங்களும் படத்தில் தொட்டுக்கொள்கின்றன. உடலுக்குள் அவற்றுக்கு நடுவில் மெல்லிய சுவர் இருக்கிறது, ஆனால் சிடியின் வோக்சல் அகலம் 0.6 அல்லது 0.7 மில்லிமீட்டர். சுவர் அதற்குள் கரைந்துவிடுகிறது. ஹைலம் அருகில் தமனியும் சிரையும் குறுக்கே போகும் இடமெல்லாம் ஒட்டிக்கொண்ட முடிச்சாகத் தெரியும். அந்த முடிச்சில் தவறான பக்கம் திரும்பினால், அதற்கு அப்பால் உள்ள முழுக் கிளையும் நிறம் மாறிவிடும், அதாவது தமனி சிரையாகவோ சிரை தமனியாகவோ குறிக்கப்படும். இந்தத் துறையில் பிழை புள்ளி புள்ளியாக வருவதில்லை, கிளை கிளையாக வரும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், மதிப்பீட்டைப் பற்றிச் சொல்லும்போது தேவைப்படும்.

முறைகளின் வரலாற்றைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது நல்லது, ஏனென்றால் இன்றைய மென்பொருளுக்குள்ளும் பழைய யோசனைகள்தான் மறைந்திருக்கின்றன. 1998-இல் வெளியான ஃப்ராங்கி வடிகட்டி, ஒவ்வொரு புள்ளியிலும் வெளிச்சம் எந்தத் திசையில் எவ்வளவு வேகமாக மாறுகிறது என்பதை ஹெஸ்ஸியன் அணி என்ற கணிதக் கருவியை வைத்துக் கணக்கிட்டு, குழாய் போன்ற வடிவத்தை மட்டும் தூக்கிக் காட்டும். குழாயைக் கண்டுபிடிக்க இன்றும் பயன்படுகிறது. எந்தக் குழாய் என்று சொல்வது அதன் வேலை இல்லை. கிளைகள் பிரியும் இடத்தில் அதன் பதில் தொய்ந்துபோகும் என்பதால் மரம் அங்கங்கே அறுபடவும் செய்யும். அடுத்து வந்தவர்கள் குழாய்களின் நடுக்கோட்டை எடுத்து, அதை முனைகளும் இணைப்புகளும் கொண்ட வலைப்படமாக மாற்றி, தமனியும் சிரையும் ஒட்டியிருக்கக்கூடிய முனைகளில் வெட்டினார்கள். 2016-இல் வெளிவந்த ஒரு முறை, நான் மேலே சொன்ன விரல்கோத்த அமைப்பையே பயன்படுத்தியது. வெட்டிய துண்டு மரங்களில் எவை எவற்றோடு பின்னியிருக்கின்றன என்று பார்த்து ஒரே வகையைச் சேர்ந்தவற்றை ஒன்றுசேர்த்து, பிறகு தமனிக்கும் சிரைக்கும் உள்ள கன அளவு வித்தியாசத்தை வைத்து எது எது என்று தீர்மானித்தது. கான்ட்ராஸ்ட் இல்லாத 55 ஸ்கேன்களில் சோதித்தபோது இடைநிலைத் துல்லியம் 89 சதவீதம். கேட்க எண் குறைவாகத் தோன்றலாம். ஆனால் அதே குழாய்களுக்கு இரண்டு மனிதர்கள் தனித்தனியே லேபிள் போட்டபோது அவர்களுக்குள் இருந்த ஒற்றுமையும் அதற்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஓரக் குழாய்களில் மனிதருக்கே சந்தேகம் வருகிறது என்பதை நான் அந்த ஆய்விலிருந்துதான் முழுமையாகப் புரிந்துகொண்டேன். அந்த ஸ்கேன்களும் லேபிள்களும் பொதுவில் கிடைக்கும்படி வெளியிடப்பட்டன, ஆகவே உங்கள் முறையைச் சோதிக்கவும் அவை உதவும்.

2018-இல் 3டி நியூரல் நெட்வொர்க்கோடு கிராஃப் கட் முறையைச் சேர்த்து 94 சதவீதத் துல்லியம் காட்டினார்கள். இந்தச் சேர்க்கையைக் கவனியுங்கள். நெட்வொர்க் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு ஊகம் சொல்கிறது, அடுத்து வரும் கிராஃப் கட் அக்கம்பக்கத்துப் புள்ளிகளைக் கலந்துபேச வைத்துப் பதிலை ஒழுங்குபடுத்துகிறது. இன்று பெரும்பாலானோர் 2015-இல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் பிறந்த யு-நெட் என்ற நியூரல் நெட்வொர்க்கின் ஏதோ ஒரு வடிவத்தை, குறிப்பாகத் தன்னைத்தானே அமைத்துக்கொள்ளும் என்என்யு-நெட்டை, நேரடியாகத் தமனி-சிரை லேபிளில் பயிற்றுவிக்கிறார்கள். முடிவு பார்க்க அழகாக இருக்கும். ஆனால் யு-நெட் ஒரு சமயத்தில் ஒரு கனசதுரத் துண்டைத்தான் பார்க்கிறது. அந்தத் துண்டுக்குள் இதயமும் இல்லை, தடிமனான மூச்சுக்குழாயும் இல்லை என்றால் அது மூலத்தைத் தேடவில்லை, பக்கத்து அமைப்பை வைத்து ஊகிக்கிறது. ஒரே குழாய் பாதி தூரம் சிவப்பாகவும் மீதி தூரம் நீலமாகவும் வருவது இதனால்தான். ரத்தக்குழாய்க்குள் அப்படி நிறம் மாற வழியே இல்லை என்று நமக்குத் தெரியும், நெட்வொர்க்குக்கு யாரும் சொல்லவில்லை.

இப்போது கருவிகள். டோட்டல்செக்மென்டேட்டர், சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழக மருத்துவமனையில் உருவானது, 2023-இல் அதன் ஆய்வுக் கட்டுரை வெளிவந்தது. 1204 சிடி ஸ்கேன்களை வைத்து 104 உடற்பகுதிகளை அடையாளம் காட்டியது. என்என்யு-நெட்தான் அதன் உள்ளே இருக்கிறது. பெருந்தமனி, கீழ்ப்பெருஞ்சிரை, குடலிலிருந்து கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் போர்ட்டல் சிரையும் மண்ணீரல் சிரையும், இடுப்பின் இலியாக் தமனி, சிரை ஆகியவற்றை இடம் வலம் பிரித்துத் தரும். இவற்றுக்கெல்லாம் நான் கண்ணை மூடிக்கொண்டு முதலில் இதைத்தான் ஓடவிடுவேன். நுரையீரலுக்கு உள்ளே போகும் குழாய்களுக்குத் தனிப் பணி ஒன்று உண்டு, ஆனால் நான் பயன்படுத்திய பதிப்புகளில் அது தமனியையும் சிரையையும் ஒரே லேபிளாகத்தான் கொடுத்தது. மூச்சுக்குழாயைத் தனியே கொடுத்தது என்பது நமக்குப் பெரிய லாபம், ஏனென்றால் தமனியின் துணை யார் என்று பார்த்தோம் அல்லவா. சில கூடுதல் பணிகளுக்கு உரிமம் கேட்கும், பயன்படுத்துமுன் படித்துவிடுங்கள்.

அடுத்தது 3டி ஸ்லைசர். 1998-இல் எம்ஐடியும் பாஸ்டனின் பிரிகாம் அண்ட் விமன்ஸ் மருத்துவமனையும் சேர்ந்து தொடங்கிய திட்டம், இன்றுவரை இலவசம், மூலநிரலும் திறந்தது. இதில் நான் உங்களுக்குப் பரிந்துரைப்பது விதையிலிருந்து வளர்க்கும் வசதியை: நாம் குறிக்கும் சில புள்ளிகளிலிருந்து நிறம் தானாகப் பரவும். நடுக்கோடு எடுக்க விஎம்டிகே என்ற ரத்தக்குழாய்க் கருவித்தொகுப்பு இதற்குள்ளேயே இணைப்பாகக் கிடைக்கும். வணிக மென்பொருள்களில் ஃபியூஜிஃபிலிமின் சினாப்ஸ் 3டி போன்றவை நுரையீரல் தமனியையும் சிரையையும் தானாகப் பிரித்து அறுவைத் திட்டத்துக்குக் கொடுக்கின்றன. ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாததால் ஆய்வுக்கு அவை ஓரளவுக்குத்தான் பயன்படும். மருத்துவப் பயன்பாட்டுக்கு அங்கீகாரம் பெற்ற மென்பொருளும் ஆய்வு மென்பொருளும் வேறு வேறு. ஸ்லைசரை உருவாக்கியவர்களே அது மருத்துவப் பயன்பாட்டுக்கு அங்கீகரிக்கப்பட்டதல்ல என்று தெளிவாக எழுதியிருக்கிறார்கள். உங்கள் முடிவு ஒரு நோயாளியின் சிகிச்சையைத் தொடும் என்றால் இந்தக் கோட்டைத் தாண்டாதீர்கள்.

நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். ஸ்லைஸ் தடிமன் 1 மில்லிமீட்டர் அல்லது அதற்குக் கீழே இருக்கும் தொடரை மட்டும் எடுங்கள். 5 மில்லிமீட்டர் ஸ்லைஸில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம், கிளைகள் ஒன்றுக்குள் ஒன்று விழுந்திருக்கும். ஒரே ஸ்கேனில் கூர்மையான கெர்னலிலும் (ஸ்கேன் தரவைப் படமாக்கும்போது பயன்படும் வடிகட்டி) மென்மையான கெர்னலிலும் தொடர்கள் இருந்தால் மென்மையானதை எடுங்கள், கூர்மையானதில் இரைச்சலே குழாய் வேடம் போடும். முதலில் நுரையீரலின் முகமூடி (நுரையீரல் இருக்கும் இடத்தை மட்டும் குறிப்பது), பிறகு அதற்குள் எல்லாக் குழாய்களும் சேர்ந்த ஒரு செக்மென்ட், அதாவது குறித்தெடுத்த பகுதி. வளர்ச்சி அந்தச் செக்மென்ட்டுக்கு வெளியே போகாதபடி எல்லை கட்டுங்கள். இப்போது நுரையீரல் தமனித் தண்டிலும் அதன் இரண்டு பெரிய கிளைகளிலும் ஒரு நிறத்தில் விதை தூவுங்கள், இடது ஆரிக்கிளிலும் அதில் வந்து சேரும் சிரைகளிலும் இன்னொரு நிறத்தில். கான்ட்ராஸ்ட் இல்லாத படத்தில் இதயப் பகுதியில் எல்லாம் ஒரே சாம்பல் நிறமாகக் கிடக்கும், அங்கே மெனக்கெடாமல் ஹைலத்தில் விதை போடுங்கள். வளரவிட்டதும் இரண்டு நிறமும் போட்டி போட்டுப் பரவும். முதல் முடிவு தப்பும் தவறுமாகத்தான் வரும், பயப்பட வேண்டாம். மூச்சுக்குழாய்ச் செக்மென்ட்டையும் காட்டவிட்டு, கறுப்பு வட்டத்துக்குப் பக்கத்திலுள்ள வெள்ளை வட்டம் தமனி நிறத்தில் இருக்கிறதா என்று துண்டம் துண்டமாகப் பாருங்கள். தவறிய முடிச்சின் இரண்டு பக்கமும் புது விதை போட்டால் முடிவு தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். எனக்கு முதல் ஸ்கேனுக்கு இரண்டு முழு நாள் பிடித்தது. பழகிய பிறகு பாதி நாளில் துணைத்துண்டக் கிளை வரை போக முடிந்தது. இதயத் துடிப்பால் இடது கீழ் மடலில் குழாய்கள் இரட்டையாகத் தெரியும் இடங்களில் மட்டும் இன்றும் நேரம் போகிறது.

ஒரு சின்ன விஷயம், ஆனால் ஆட்களைக் கவிழ்ப்பது இதுதான்: நிறம். உடற்கூறியல் புத்தகங்களில் நுரையீரல் தமனி நீலம், ஏனென்றால் அதில் ஓடுவது ஆக்சிஜன் குறைந்த ரத்தம். பல மென்பொருள்களும் ஆய்வாளர்களும் தமனி என்றாலே சிவப்பு என்று வைத்துக்கொள்கிறார்கள். இரண்டு பேர் தயாரித்த லேபிள் கோப்புகளைச் சேர்க்கும்போது 1 என்பது தமனியா சிரையா என்று ஒவ்வொன்றையும் திறந்து இதயம் வரை பின்தொடர்ந்து பாருங்கள். கோப்பின் பெயரை நம்பாதீர்கள். அதேபோல லேபிளின் அளவை மாற்றும்போது மிக அருகிலுள்ள எண்ணை எடுக்கும் முறையைத்தான் பயன்படுத்த வேண்டும். பின்னணி 0, தமனி 1, சிரை 2 என்று வைத்துக்கொண்டு நேரியல் முறையில் அளவு மாற்றினால், சிரையின் 2-க்கும் பின்னணியின் 0-க்கும் நடுவில் 1 பிறக்கும். ஒவ்வொரு சிரையும் மெல்லிய தமனித் தோலைப் போர்த்திக்கொள்ளும். இந்தப் பிழையோடு பயிற்றுவித்த ஒரு நெட்வொர்க்கோடு நான் ஒரு வாரம் மல்லுக்கட்டியிருக்கிறேன்.

எந்த அளவுக்கு நம்பலாம் என்று கேட்டீர்கள். எண்ணைப் பார்க்கும்முன் எதற்காகப் பிரிக்கிறீர்கள் என்று தெரிய வேண்டும். நுரையீரல் தமனியில் ரத்தக்கட்டு அடைத்திருக்கிறதா என்று தேடும் மென்பொருளை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டு என்பது பளிச்சென்ற தமனிக்குள் இருண்ட திட்டாகத் தெரியும். கான்ட்ராஸ்ட் இன்னும் வந்து சேராத சிரையும் இருட்டாகத்தான் இருக்கும், மென்பொருள் அதைப் பார்த்து வீணாக அலறும். அங்கே சிரையை ஒதுக்கித் தள்ளினாலே பொய் எச்சரிக்கைகள் குறையும், சில ஓரக் கிளைகள் தவறினாலும் குடி முழுகாது. நுரையீரல் துண்டத்தை மட்டும் வெட்டி எடுக்கும் அறுவைசிகிச்சை அப்படி இல்லை. ஜப்பானில் 1106 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2022-இல் வெளிவந்தது. 2 சென்டிமீட்டர் வரையிலான ஆரம்பநிலைக் கட்டிகளுக்கு முழு மடலை எடுப்பதைவிடத் துண்டத்தை மட்டும் எடுத்தவர்களின் ஐந்தாண்டு உயிர்வாழ்வு நன்றாக இருந்தது: 91.1 சதவீதத்துக்கு எதிராக 94.3 சதவீதம். அதற்குப் பிறகு துண்ட அறுவைக்கான ஆர்வம் கூடியிருக்கிறது. அங்கே மருத்துவர் அந்தத் துண்டத்துக்குப் போகும் தமனியைக் கட்ட வேண்டும், எல்லையில் ஓடும் சிரையை வழிகாட்டியாக வைத்துக்கொண்டு வெட்ட வேண்டும், பக்கத்துத் துண்டத்தின் சிரையைக் காப்பாற்ற வேண்டும். ஒரு கிளை நிறம் மாறியிருந்தால் அது ஒரு மனிதரின் மார்புக்குள் நடக்கும் தவறு. வலது நுரையீரலில் 10 துண்டங்கள், இடதில் எண்ணும் விதத்தைப் பொறுத்து 8 முதல் 10. சராசரி நன்றாக இருக்கிறது என்ற வார்த்தைக்கு இங்கே மதிப்பே இல்லை.

அதனால்தான் டைஸ் ஸ்கோரை (மென்பொருளின் முடிவும் சரியான லேபிளும் கன அளவில் எவ்வளவு பொருந்துகின்றன என்று சொல்லும் எண்) மட்டும் காட்டும் கட்டுரையை நான் சந்தேகத்தோடு படிக்கிறேன். ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 28 மில்லிமீட்டர் விட்டமும் 50 மில்லிமீட்டர் நீளமும் உள்ள தமனித் தண்டின் கன அளவு சுமார் 30,800 கன மில்லிமீட்டர். 2 மில்லிமீட்டர் விட்டமும் 20 மில்லிமீட்டர் நீளமும் உள்ள ஓரக் கிளை 63 கன மில்லிமீட்டர். தண்டு ஒன்றுக்கு ஈடாக இப்படி 490 கிளைகள் தேவை. தண்டைச் சரியாக வரைந்துவிட்டுக் கிளைகளில் பாதியைக் கோட்டைவிட்டாலும் டைஸ் ஸ்கோர் அழகாகத்தான் இருக்கும். அதற்குப் பதிலாக நடுக்கோட்டின் நீளத்தில் எத்தனை சதவீதம் சரியான நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அதையும் தண்டு, மடல், துண்டம், துணைத்துண்டம் என்று கிளைத்தலைமுறை வாரியாகப் பிரித்துக் காட்டுங்கள். எத்தனை கிளைகள் முழுதாக இடம் மாறின என்று எண்ணுங்கள். இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த அளவை ஒன்று உண்டு: மென்பொருள் கொடுத்ததைப் பயன்படுத்தும் நிலைக்குத் திருத்த ஒருவருக்கு எத்தனை நிமிடம் பிடித்தது என்பது. நூறு சிறு புள்ளிப் பிழைகளை ஒரே வடிகட்டலில் துடைத்துவிடலாம், ஹைலத்தில் ஒரே ஒரு தவறான முடிச்சு அரை மணி நேரத்தை விழுங்கும்.

மாறுபட்ட உடலமைப்பு இன்னொரு சோதனை. இடது பக்கச் சிரைகள் இரண்டும் ஒரே தண்டாகச் சேர்ந்து ஆரிக்கிளில் விழுவது அடிக்கடி காணப்படுவதுதான், அதனால் பெரிய சிக்கல் இல்லை. ஆனால் சிலருக்கு ஒரு நுரையீரல் சிரை இடது ஆரிக்கிளுக்கு வராமல் மேற்பெருஞ்சிரையில் போய்த் திறக்கும். ஆரிக்கிளில் முடிந்தால்தான் சிரை என்ற விதியை மட்டும் நம்பும் மென்பொருள் அங்கே நிச்சயம் தடுக்கி விழும். உங்கள் சோதனைத் தொகுப்பில் இப்படிப்பட்டவர்களும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

மற்ற உறுப்புகளைப் பற்றியும் கொஞ்சம், ஏனென்றால் கருவி தேடும்போது அவற்றுக்கானவையும் கண்ணில் படும். விழித்திரைப் படத்தில் நிலைமை சுலபம்: தமனி மெல்லியது, வெளிர் சிவப்பு, நடுவில் ஒளிக்கோடு தெரியும். சிரை தடித்தது, கருஞ்சிவப்பு. இரண்டின் விட்ட விகிதம் வழக்கமாக 2:3. உயர் ரத்த அழுத்தம் தமனியைச் சுருக்குவதால் இந்த விகிதத்தை அளக்க மென்பொருள்கள் வந்தன. 2004-இல் நெதர்லாந்திலிருந்து வெளியான டிரைவ் தொகுப்பின் 40 படங்கள் இன்றும் பலருக்குத் தொடக்கப் புள்ளி. அங்கே ஒரு நல்ல விதி உண்டு. குழாய்கள் குறுக்கே வெட்டிக்கொண்டால் அநேகமாக ஒன்று தமனி, மற்றது சிரை. கல்லீரலில் இரண்டு அல்ல, மூன்று மரங்கள்: கல்லீரல் தமனி, போர்ட்டல் சிரை, கல்லீரல் சிரை. உள்ளே வரும் ரத்தத்தில் ஏறத்தாழ முக்கால் பங்கு போர்ட்டல் சிரை வழியாகத்தான் வருகிறது. மூளையில் எம்ஆர்ஐக்கு ஒரு தனி வசதி இருக்கிறது. ஆக்சிஜனை இழந்த ஹீமோகுளோபின் காந்தப்புலத்தால் ஈர்க்கப்படும் என்று 1936-இல் லைனஸ் பாலிங்கும் சார்ல்ஸ் கோரியலும் காட்டினார்கள். அந்தக் குணத்தால்தான் காந்த ஏற்புத்திறனைப் படமாக்கும் முறையில் சிரைகள் கறுத்துத் தெரிகின்றன. சிடிக்குத் தெரியாத ஆக்சிஜன் எம்ஆர்ஐக்குத் தெரிகிறது. ஆனால் தந்துகியே இல்லாமல் தமனி நேராகச் சிரையில் திறக்கும் பிறவிக் கோளாறு மூளையில் இருந்தால், சிரைக்குள்ளும் தமனி ரத்தம் பாயும், கான்ட்ராஸ்ட்டும் சீக்கிரமே வந்துவிடும். அங்கே நேரமும் ஏமாற்றும், ஆக்சிஜனும் ஏமாற்றும். அப்படிப்பட்ட படத்தில் தானியங்கிப் பிரிப்பை நான் பயன்படுத்துவதில்லை.

கடைசியாக, சொந்தமாகப் பயிற்றுவிப்பது. செய்யுங்கள், ஆனால் பூஜ்ஜியத்திலிருந்து வேண்டாம். மேலே சொன்ன விதைமுறையில் முதல் ஐந்து ஸ்கேன்களுக்கு நீங்களே லேபிள் போடுங்கள். அதை வைத்து என்என்யு-நெட்டைப் பயிற்றுவித்து அடுத்த பத்துக்கு ஊகம் எடுங்கள், அவற்றைத் திருத்தி மீண்டும் பயிற்றுவியுங்கள். ஒவ்வொரு சுற்றிலும் திருத்தும் நேரம் குறைகிறதா என்று குறித்து வாருங்கள். ஸ்கேன்களில் ஒரு பகுதிக்காவது உங்கள் லேபிளைப் பார்க்காத இன்னொருவர் தனியே லேபிள் போடட்டும், முடிந்தால் ரேடியாலஜிஸ்ட். உங்கள் நெட்வொர்க் எட்டக்கூடிய உச்சம் எது என்று அந்த ஒற்றுமைதான் சொல்லும். மூச்சுக்குழாய்ச் செக்மென்ட்டை இரண்டாவது உள்ளீடாகக் கொடுத்துப் பாருங்கள், கான்ட்ராஸ்ட் இல்லாத படங்களில் அது பிழைகளைக் குறைப்பதை நான் கண்டிருக்கிறேன். நடுக்கோடு அறுபடாமல் இருக்க 2021-இல் வந்த சிஎல்டைஸ் என்ற இழப்புச் சார்பை (பயிற்சியில் பிழையை அளக்கும் சூத்திரம்) சேர்க்கலாம். என்என்யு-நெட் வழக்கமாகப் படத்தை இடம் வலமாகக் கவிழ்த்தும் பயிற்சி கொடுக்கும். இடது வலது லேபிள்களைத் தனித்தனியே வைத்திருந்தால் அதை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் எந்தப் பக்கம் எது என்று நெட்வொர்க் குழம்பும். பயிற்சிக்கும் சோதனைக்கும் பிரிக்கும்போது ஸ்கேன் வாரியாக அல்ல, நோயாளி வாரியாகப் பிரியுங்கள். ஒரே நபரின் இரண்டு ஸ்கேன்கள் இரண்டு பக்கமும் போய் விழுந்தால் உங்கள் எண் பொய் சொல்லும். முடிவு வந்ததும் கடைசியாக ஒரு வேலை: தமனி லேபிளில் தண்டோடு இணையாமல் தனியே மிதக்கும் துண்டுகளையும், சிரை லேபிளில் ஆரிக்கிளோடு இணையாத துண்டுகளையும் பட்டியலிட்டு, பெரியதிலிருந்து சிறியது வரை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். நிறம் மாறிய கிளைகளில் பலவற்றை அந்தப் பட்டியலின் மேல்பகுதியிலேயே பிடித்துவிடலாம்.